நகரமும் அதன் நிழலுருவும்: கற்பலகை முதற் கணினி வரை

ஒரு நகரத்தை ஆள்வோரும் அமைப்போரும் அதனை முழுமையாகக் கண்ணாற் காண்பதில்லை. வீதிகள் பல, வீடுகள் எண்ணிறந்தன, நிலத்தின் கீழ் ஓடும் நீர்க்குழாய்களும் கழிவுக் கால்வாய்களும் கண்ணுக்குப் புலனாகாதன. ஆதலின் நகரத்தைப் பற்றி முடிவு செய்யவேண்டியவர்கள் எக்காலத்திலும் அதன் உருவொன்றைச் செய்து, அவ்வுருவை முன்வைத்தே முடிவு செய்து வந்துள்ளனர். அவ்வுரு கல்லிற் பொறிக்கப்பட்டதாயிருக்கலாம், மரத்தினாற் செய்யப்பட்டதாயிருக்கலாம், தாளில் வரைந்த படமாயிருக்கலாம். இந்நூற்றாண்டில் அது கணினியுள் இயங்கும் உருவமாக வளர்ந்துள்ளது. வீதியும் வீடும் மரமும் குழாயும் முப்பரிமாணத்தில் அமைய, மழைமானி, மின்மானி, போக்குவரத்தை அளக்கும் கருவி முதலியன அனுப்பும் செய்திகளால் இடையறாது புதுப்பிக்கப்படும் அவ்வுருவை ‘டிஜிட்டல் டுவின்’ என்பர். தமிழில் இலக்கமுறை இரட்டை எனலாம்.

இவ்விரட்டையின் பயன் வெளிப்படையானது. ஒரு சதுப்பு நிலத்தை நிரப்புமுன், ஒரு மேம்பாலத்தைக் கட்டுமுன், ஒரு தீயணைப்பு நிலையத்தை மூடுமுன், அதனால் வரக்கூடிய விளைவை உருவின்மேற் சோதித்து அறியலாம். சோதனை பிழைத்தால் உருவே கெடும், ஊர் கெடாது. இடரைத் தாங்கும் நகரம், எல்லாரையும் உள்ளடக்கும் நகரம் என்னும் இரு இலட்சியங்களுக்கும் இக்கருவி துணைசெய்யும் என்று நகரமைப்பாளர் கூறுகின்றனர். இக்கூற்றின் மாற்றறிய வரலாறே உரைகல்லாகும். கருவி புதிது, ஆயின் அதனைச் சூழ்ந்த வினாக்கள் பழையன. உருவில் எது பதியப்பட்டது? எது விடப்பட்டது? அதனைக் காணும் உரிமை யாருக்கு இருந்தது? இம்மூன்று வினாக்களையும் கைவிளக்காகக் கொண்டு நகர உருவங்களின் வரலாற்றை நோக்குதல் தகும்.

அரசர் கண்ட நகரம்

உரோமாபுரியில் செப்றிமியஸ் செவெரஸ் பேரரசனின் காலத்தில், கி.பி. 203க்கும் 211க்கும் இடையில், அந்நகரின் படம் சலவைக் கற்பலகைகளிற் பொறிக்கப்பட்டது. ஏறத்தாழ 150 பலகைகள் சமாதானக் கோயிலின் ஒரு சுவரிற் பதிக்கப்பட்டன. அப்படம் 18 மீற்றர் அகலமும் 13 மீற்றர் உயரமும் உடையதாயிருந்தது. கோயில், குளியல் மாளிகை, பண்டகசாலை, மாடிப்படி, தூண் எனக் கட்டடங்களின் உட்பகுதிகள் கூட அதிற் காட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை அதன் சிறு பகுதியான துண்டுகளே. அத்துண்டுகளில் மாளிகைகளோடு சிறு கடைகளும் நெருக்கமான குடியிருப்புக்களும் காணப்படுகின்றன. எனினும் அத்துணை உயரமான சுவரின் மேற்பகுதியைக் கீழே நின்றவர் படித்தறிந்திருத்தல் அரிது. நகரை அளந்தறிந்த ஆட்சியின் பெருமையைப் பறைசாற்றுவதே அதன் முதன்மையான தொழிலாயிருந்தது எனலாம்.

பிரான்சு நாட்டில் 14ஆம் லூயி மன்னனின் போரமைச்சர் லூவுவா 1668 முதற் கோட்டை நகரங்களின் மாதிரியுருக்களைச் செய்வித்தார். மரம், தாள், பட்டு, மணல் ஆகியவற்றால், பெரும்பாலும் 600இல் ஒரு பங்கு அளவில், வீடுகளும் வேலிகளும் வயல்களும் அமைக்கப்பட்டன. பகைவர் எம்மேட்டிற் பீரங்கியை நிறுத்துவர், எம்மதில் முதலில் இடியும் என்பவற்றைப் பாரிசு நகரில் இருந்தவாறே மன்னனும் படைத்தலைவரும் ஆராய்ந்தனர். ‘இவ்வாறு நிகழின் என்னாகும்?’ என்னும் வினாவை நகரின் உருவிடம் கேட்கும் வழக்கம் இங்குத் தெளிவாகக் காணப்படுகின்றது. ஆயினும் இவ்வுருக்கள் பகைவர் கையிற் சேரலாகாத மறைபொருளாகப் போற்றப்பட்டன. அந்நகரங்களில் வாழ்ந்த மக்களும் தம் நகரின் உருவைக் கண்டிலர். அவர்கள் அவ்வுருவினுள் எண்ணப்பட்டதும் இல்லை; மதிலும் அகழியுமே எண்ணப்பட்டன.

நோயும் வறுமையும் படத்தில் ஏறியமை

மக்களின் வாழ்வும் சாவும் நகரப் படத்தில் இடம்பெற்றது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலண்டனின் சோகோப் பகுதியில் வாந்திபேதி தோன்றிச் சில வாரங்களில் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கெட்ட காற்றினால் அந்நோய் பரவுகின்றது என்பதே அக்காலத்து வைத்தியர் பலரின் துணிபு. ஜோன் சினோ என்னும் வைத்தியர் அது நீரினாற் பரவுவது என்று 1849இலேயே எழுதியிருந்தார். இறந்தோரின் வீடுகளை அவர் படத்திற் குறித்தபோது குறிகள் புறோட் வீதியிலிருந்த நீர்க்குழாயைச் சூழ்ந்து திரண்டன. அயலிலிருந்த ஏழையர் விடுதியில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தும் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக்கிணறு இருந்தது. சாராய வடிசாலையொத்த பியர் ஆலையொன்றின் தொழிலாளர் அக்குழாய் நீரைப் பருகாதவராதலின் உயிர் தப்பினர். செப்ரெம்பர் 8ஆந் திகதி குழாயின் கைபிடி கழற்றப்பட்டது.

இவ்வரலாற்றிற் சினோவின் பெயர் விளங்குமளவுக்கு ஹென்றி வைற்ஹெட் என்பாரின் பெயர் விளங்குவதில்லை. அவர் அப்பகுதித் தேவாலயத்தின் இளங்குரு. சினோவின் கொள்கையை முதலில் ஏற்காதவர். அதனைச் சோதித்தறிய வீடுவீடாகச் சென்றவர். மக்கள் அவரை அறிந்திருந்தனர். தம் துயரை அவரிடம் மறையாது கூறினர். குழாயருகே 40ஆம் இலக்க வீட்டில் ஒரு குழந்தை நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் அவ்வீட்டின் கழிவுக்குழியிற் சேர்ந்ததையும் கண்டறிந்தவர் அவரே. குழியிலிருந்து கிணற்றுக்குக் கசிவு இருந்தமை பின்னர் தோண்டிப் பார்த்தபோது தெளிவாயிற்று. படம் ஐயத்தை எழுப்பியது. அதனை மெய்யென நிறுவியது வாசற்படியில் நின்று கேட்கப்பட்ட கேள்வி.

சாள்ஸ் பூத் என்னும் செல்வர் 1886இல் தொடங்கி 1903 வரை இலண்டன் மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 17 தொகுதிகளை வெளியிட்டார். பிள்ளைகளின் பாடசாலை வரவை விசாரிக்க வீடுதோறுஞ் சென்ற அலுவலர்களின் குறிப்புக்களைக் கொண்டு, வீதி வீதியாக வறுமையைக் கருமை முதல் மஞ்சள் வரை ஏழு நிறங்களாற் காட்டினார். மக்களுள் 30.7 சதவீதத்தினர் வறுமையில் வாழ்ந்தமை அவ்வாய்வாற் புலனாயிற்று. வறுமை தனியொருவரின் ஒழுக்கக் குறையன்று, நகரெங்கும் பரந்த நிலைமை என்பதை அந்நிறங்கள் எவரும் மறுக்கவியலாதவாறு காட்டின. முதியோர் உதவிப்பணம் வேண்டுமென்று பூத் வாதாடியதற்கு இவ்வாய்வே அடிப்படையாயிற்று.

ஆயினும் எண்ணப்படுதல் மட்டும் ஏழையைக் காப்பதன்று. அமெரிக்க அரசு 1933இல் நிறுவிய வீட்டுக்கடன் கழகம் 1935க்கும் 1940க்கும் இடையில் இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு நிறப்படங்கள் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறம் பெற்றன. சிவப்புக் கடன் கொடுத்தற்கு ஆகாத இடத்தைக் குறித்தது. பூத்தின் நிறம் உதவி வேண்டிய இடத்தைச் சுட்டியது. கழகத்தின் நிறம் உதவியை விலக்கவேண்டிய இடத்தைச் சுட்டியது. ஒரே கலை, இருவேறு நோக்கம்.

பற்றிக் கெடிசின் கோபுரம்

நகரின் உருவை நகரமக்களுக்கே காட்டவேண்டும் என்று முதன்முதல் வற்புறுத்தியவருள் பற்றிக் கெடிஸ் தலையாயவர். தாவரவியற் பேராசிரியராயிருந்த அவர் 1892இல் எடின்பரோ நகரின் கோட்டையருகே ஒரு பழைய கட்டடத்தைப் பெற்று, நோக்குக் கோபுரம் எனப் பெயரிட்டார். அதன் உச்சியில் ஒரு வில்லையும் கண்ணாடியும் வெளியேயுள்ள நகரக் காட்சியை இருட்டறையிலிருந்த வெண்மேசையின் மேல் வீழ்த்தின. வீதியிற் செல்லும் வண்டியும் புகைபோக்கியிலிருந்து எழும் புகையும் அம்மேசையில் அசைந்தன. பார்வையாளர் முதலில் உச்சிக்கு ஏறி அவ்வுயிருள்ள படத்தைக் கண்டபின், கீழ்த்தளங்களில் முறையே நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் என்பவற்றைப் பற்றிய படங்களையும் மாதிரிகளையும் கண்டு இறங்கினர். நிகழும் நகரை அது நிகழும் பொழுதிலேயே காட்டிய இம்மேசையை இன்றைய இரட்டை நகருக்கு மூத்த உறவு எனல் மிகையாகாது.

கெடிசின் நகரமைப்புக் கண்காட்சி தமிழகத்தோடும் தொடர்புடையது. சென்னை ஆளுநர் பென்ற்லன்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் 1914இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். படங்களும் மாதிரிகளும் ‘கிளான் கிறான்ற்’ என்னுங் கப்பலில் வேறாக அனுப்பப்பட்டன. அவ்வாண்டு செப்ரெம்பரிற் சென்னைத் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்து, தமிழ்ப் பேச்சு வழக்கிலே தன் பெயரை நிலைநிறுத்திச் சென்ற ஜேர்மன் போர்க்கப்பலான எம்டன், ஒக்டோபரில் அக்கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டு சேர்த்த செல்வம் கடலுக்கு இரையாயிற்று. கெடிஸ் சோரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915 சனவரியிற் சென்னையிற் கண்காட்சி நடைபெற்றது.

அவ்வாண்டே அவர் சென்னை மாகாணத்து நகரங்களைக் கால்நடையாகச் சுற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியிற் பழைய தெருக்களை இடித்து நேரான அகன்ற வீதிகளை அமைக்கும் திட்டமொன்று இருந்தது. அதனால் எத்தனை குடும்பங்கள் வீடிழக்கும் என்பதைக் கெடிஸ் கணக்கிற் கொண்டார். இடிந்துபோன வீடுகளை மட்டும் அகற்றி, அவ்வெளிகளை மரநிழலும் காற்றும் உள்ள முற்றங்களாக்கி, ஏனையவற்றைக் காத்தால் குறைந்த செலவிற் கூடிய நலம் விளையும் என்று காட்டினார். இதனை அவர் காத்துச்செய்யும் சத்திர சிகிச்சை என்றார். நோயை அறியாது கத்தியை எடுக்கும் வைத்தியனைப் போல, ஊரை அறியாது திட்டம் வகுத்தல் கேடு என்பது அவர் கோட்பாடு.

இந்தூர் அரசின் நகரமைப்பு ஆலோசகராக 1917, 1918ஆம் ஆண்டுகளிற் பணிபுரிந்தபோது தீபாவளியை ஒட்டி அவர் நடத்திய ஊர்வலத்தை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் விதந்து கூறுவர். மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்ட தெருக்களின் வழியே ஊர்வலம் செல்லும் என அறிவிக்கப்படவே, மக்கள் வீடுகளையும் ஒழுங்கைகளையும் தாமே திருத்தினர். பிளேக் நோயைப் பரப்பும் எலியின் பேருருவும், நுளம்பின் உருவும், அழுக்கைக் குறிக்கும் அரக்கனின் உருவும் ஊர்வலத்தில் வந்தன. நகரைத் துப்புரவாக்கும் தொழிலாளர் வெள்ளாடையும் மலர்மாலையும் அணிந்து மதிப்புடன் சென்றனர். அவற்றோடு, திருத்தியமைக்கப்படவிருந்த நகரின் மாதிரியுருவும் வீதியிற் கொண்டுசெல்லப்பட்டது. பிரான்சிய மன்னன் அரண்மனையிற் பூட்டிவைத்த பொருளைக் கெடிஸ் உற்சவ மூர்த்தியைப் போல வீதிக்குக் கொணர்ந்தார். கொழும்பு நகருக்கான முன்னோடி நகரமைப்பு அறிக்கையை 1921இல் எழுதியவரும் அவரே.

நீரின் மாதிரி

இடரைத் தாங்குதற்கு மாதிரியுரு உதவிய வரலாற்றில் மிசிசிப்பி ஆற்றின் கதை முதன்மையானது. 1927ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவ்வாறு கரையை உடைத்து ஏறத்தாழ 27,000 சதுரமைல் நிலத்தை மூழ்கடித்தது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். நியூ ஓர்லியன்ஸ் நகரைக் காக்கும்பொருட்டு, அந்நகரின் கீழேயுள்ள கேர்னாவன் என்னுமிடத்தில் ஏப்பிரல் 29ஆந் திகதி அணைக்கரை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வெள்ளம் ஏழை மீனவரும் வேட்டைத் தொழிலாளரும் வாழ்ந்த சிற்றூர்களின்மேற் பாய்ந்தது. மேலேயுள்ள கரைகள் தாமே உடைந்து நீர் வேறுவழி சென்றமையால், அத்தகர்ப்பே தேவையற்றது என்பது விரைவிற் புலனாயிற்று. கிறீன்வில் நகரிலோ ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர் குறுகிய அணைக்கரையின்மேல் முகாமிட வைக்கப்பட்டு, வெளியேற விடப்படாது, கட்டாய வேலை வாங்கப்பட்டனர். வெள்ளம் எல்லார்க்கும் பொதுவாக வந்தது. இழப்பு அவ்வாறு பங்கிடப்படவில்லை.

அதன்பின் அமெரிக்கப் படைப் பொறியியலாளர் ஆற்றை ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக அன்றி முழுமையாக நோக்கத் தலைப்பட்டனர். 1943இல் மிசிசிப்பி மாநிலத்துக் கிளின்ரன் என்னுமிடத்தில், ஜேர்மன் போர்க்கைதிகளின் உழைப்பைக் கொண்டு, அவ்வாற்றினதும் கிளையாறுகளினதும் மாதிரி 200 ஏக்கர் நிலத்திற் சீமெந்தினால் அமைக்கப்படலாயிற்று. கிடைத்தளத்தில் 2,000இல் ஒரு பங்கு, உயரத்தில் 100இல் ஒரு பங்கு என அளவு வகுக்கப்பட்டது. காடும் புதரும் நீரோட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு ஏற்ப மடித்த கம்பிவலைகள் நடப்பட்டன. ஆற்றின் ஒரு நாள் அம்மாதிரியில் ஐந்தரை நிமிடத்திற் கழிந்தது. 1952 ஏப்பிரலில் மிசூரி ஆறு பெருகியபோது பொறியியலாளர் இரவு பகலாக மாதிரியை இயக்கி, எவ்விடத்தில் நீர் கரையை மேவும் என்பதை முன்னறிந்து ஒமகா, கவுன்சில் பிளவ்ஸ் நகரங்களுக்கு அறிவித்தனர். மண்மூடைகளால் உயர்த்தப்பட்ட கரைகள் அந்நகரங்களைக் காத்தன.

மாதிரியுரு ஒரு தவறான திட்டத்தைத் தடுத்ததும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் குறுக்கே அணைகள் கட்டி நன்னீர் ஏரிகளை உண்டாக்கலாம் என்று ஜோன் றீபர் என்பார் முன்மொழிந்த திட்டம் பலரைக் கவர்ந்திருந்தது. படைப் பொறியியலாளர் 1957இற் சோசலிற்றோ நகரில் விரிகுடாவின் மாதிரியை அமைத்து நீரை ஓடவிட்டுச் சோதித்தனர். திட்டம் பயன்தராது என்பது தெளிவாயிற்று, விரிகுடா தப்பியது. மேடை முழக்கத்துக்கு விடைகூற ஒரு தொட்டி நீர் போதுமாயிருந்தது.

கொழும்பு மாநகரும் இத்தகைய ஆராய்ச்சியாற் பயன்பெற்றதே. 2010 நவம்பரிற் கோட்டையிலுள்ள பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. உலக வங்கியின் உதவியுடன் 2012இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்க் கணினியில் வெள்ளத்தின் போக்கு ஆராயப்பட்டபோது, பயனற்றவை என்று பலகாலம் நிரப்பப்பட்டுவந்த சதுப்பு நிலங்களே மழைநீரை ஏற்று நகரைக் காப்பவை என்பது உறுதியாயிற்று. 2018இற் சதுப்பு நிலங்களைப் பேணும் ராம்சார் நகரங்களாக முதன்முறை ஏற்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மாதிரியுரு நீர் எங்கே செல்லும் என்று கூறும். எங்கே செல்லவேண்டும் என்று கூறாது. கேர்னாவனில் யாருடைய நிலம் நகருக்காகப் பலியிடப்படலாம் என்று முடிவு செய்தவர் மாந்தரே. அத்தகைய முடிவைக் கணினியின் முடிவாகக் காட்டி மறைத்துக்கொள்ளவும் கூடும். அவ்வாறு நேர்ந்த வரலாறு நியூயோர்க்கில் உண்டு.

நியூயோர்க்கின் தீ

1960களின் இறுதியில் நியூயோர்க் நகரிற் தீவிபத்துக்கள் பெருகின. நகரசபையின் பணமோ சுருங்கியது. மாநகர முதல்வர் ஜோன் லின்சி, போர் ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற றாண்ட் நிறுவனத்தின் அறிஞரை 1968இல் அழைத்தார். அவர்கள் தீயணைப்பு வண்டி ஒரு விபத்திடத்தை அடையும் நேரத்தை முதன்மையான அளவாகக் கொண்டு, நகரின் கணித உருவொன்றை அமைத்தனர். வண்டிகளிற் சென்றோர் கையிற் கடிகாரங் கொடுக்கப்பட்டு, ஓடிய தூரமும் நேரமும் பதியப்பட்டன. அவ்வுருவின் துணைகொண்டு, அடர்த்தியாக நிலையங்கள் இருந்த பகுதிகளிற் சிலவற்றை மூடலாம் என்று முடிவாயிற்று. 1972 முதற் பல அணிகள் கலைக்கப்பட்டன. தீ மிகுதியாக எரிந்த தென் புறொங்ஸ் முதலிய ஏழைப் பகுதிகளும் அவற்றை இழந்தன.

அந்நிலையங்கள் நெருக்கமாயிருந்தது அங்குத் தீ மிகுந்திருந்தமையாலாகும். கணித உருவோ நிலையத்தின் தூரத்தை அளந்த அளவுக்கு, அழைப்பு வரும்போது வண்டி நிலையத்தில் இருக்குமா, வேறொரு தீயை அணைத்துக்கொண்டிருக்குமா என்பதைக் கருதவில்லை என்று பின்வந்த ஆய்வாளர் குறைகூறினர். டெபோரா வாலஸ், றொட்றிக் வாலஸ் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட நூலிலும், ஜோ பிளட் 2010இல் வெளியிட்ட நூலிலும் இக்குறைகள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. செல்வாக்குள்ள பகுதிகளில் நிலையமொன்றை மூட எண்ணியவிடத்து எதிர்ப்பு எழுந்தது, முடிவு மாற்றப்பட்டது. செல்வாக்கற்ற பகுதிகளிற் கணிதமே இறுதித் தீர்ப்பாயிற்று.

1970க்கும் 1980க்கும் இடையிற் புறொங்ஸ் பகுதியின் ஏழு குடிமதிப்பு வட்டாரங்கள் தம் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றைத் தீயாலும் கைவிடப்பட்டமையாலும் இழந்தன. இவ்வழிவுக்கு நிலையங்களை மூடியமை மட்டும் காரணமன்று. கடன் மறுப்பும், வீட்டுக்காரர் காப்புறுதிப் பணத்துக்காகத் தீவைத்தமையும், பழுதுபார்க்கப்படாத மின்கம்பிகளும் பிற காரணங்கள். எனினும் உதவி மிக வேண்டிய பொழுதில் உதவி குறைக்கப்பட்டது என்பதும், குறைத்தோர் அதற்கு விஞ்ஞானத்தைச் சான்றாகக் காட்டினர் என்பதும் மறுக்கவியலாதன. தெருமுனையில் நின்ற தீயணைப்பு வீரர் அறிந்திருந்ததை உருவை வகுத்தோர் அறியாதிருந்தனர். அறிந்தவர் சொல்லும் ஏறவில்லை.

இரட்டையின் பிறப்பு

அவ்வாண்டுகளிலேயே வேறொரு துறையில் உருவும் பொருளும் இணைந்தியங்கிய சிறப்பான நிகழ்ச்சி நடந்தது. 1970 ஏப்பிரலில் அப்பலோ-13 விண்கலத்தின் ஒட்சிசன் கலம் வெடித்தபோது, பூமியிலிருந்த பயிற்சிக் கலங்களை வானிலிருந்த கலத்தின் நிலைமைக்கு ஏற்பத் திருத்தி, ஒவ்வொரு வழியையும் அவற்றிற் சோதித்த பின்னரே வீரருக்கு அறிவுறுத்தினர். மூவரும் உயிருடன் மீண்டனர். பொருளுக்கும் உருவுக்கும் இடையே செய்தி இருபாலும் ஓடவேண்டும் என்னும் இக்கருத்தை மைக்கேல் கிறீவ்ஸ் என்னும் அறிஞர் 2002இற் பொருளுற்பத்திக்கு ஏற்ப வகுத்துரைத்தார். நாசாவைச் சேர்ந்த ஜோன் விக்கேர்ஸ் இதற்கு ‘இரட்டை’ என்னும் பெயரை வழங்கினார். 2010ஆம் ஆண்டு நாசா வெளியிட்ட தொழினுட்பத் திட்டத்தில் அப்பெயர் இடம்பெற்றது. இயந்திரத்துக்குப் பிறந்த இக்கருத்தைச் சில ஆண்டுகளில் நகரமைப்பாளர் நகருக்கும் ஏற்றனர்.

சிங்கப்பூர் அரசு 2014இல் 73 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிச் செலவில் ‘வேச்சுவல் சிங்கப்பூர்’ என்னும் நாடு தழுவிய முப்பரிமாண உருவை அமைக்கத் தொடங்கிற்று. எக்கூரையிற் சூரிய மின்தட்டுக்கள் பொருந்தும், புதிய மாடிவீடுகளிடையே காற்று எவ்வாறு வீசும், ஆபத்துக் காலத்தில் மக்கள் எவ்வழி வெளியேறுவர் என்பவை அதனால் ஆராயப்படுமென அறிவிக்கப்பட்டது. முதியோரும் சக்கர நாற்காலியிற் செல்வோரும் படியும் தடையும் இல்லாது செல்லத்தக்க வழிகளைக் காண்பதும் அப்பயன்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. நடக்க வல்லார் கண்ணிற் படாத ஒரு படிக்கட்டு நடக்க மாட்டார்க்கு மதிலாகும். அதனை உருவிற் பதிதலே உள்ளடக்குதலின் முதற்படி. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி தன் முப்பரிமாண உருவைப் பொதுமக்கள் எவரும் பெற்றுப் பயன்படுத்துமாறு திறந்துவைத்தது. மன்னனின் மறைபொருள் மாணவனின் பாடப்பொருளாயிற்று.

ஆயினும் கருவி பெருகுந்தோறும் கருவியில்லாதார் மறைதலும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 2012 அளவில் வீதியிலுள்ள குழிகளைக் கைத்தொலைபேசிகளே உணர்ந்து நகரசபைக்கு அறிவிக்கும் முறை கொணரப்பட்டது. காரும் அத்தகைய தொலைபேசியும் உடையோர் செல்லும் வீதிகளின் குழிகளே மிகுதியாக அறிவிக்கப்படும் என்பதை அறிஞர் எடுத்துக்காட்டினர். நகரசபையும் அக்குறையை உணர்ந்து செயற்பட்டது. கருவியின் மௌனத்தைக் குறையின்மை என்று கொள்ளுதல் பெரும் பிழையாகும்.

வெற்றிடமாக விடப்பட்ட ஊர்கள்

கென்யாவின் தலைநகரான நைரோபியிற் கிபேரா என்னும் பெரிய குடிசைப் பகுதி உண்டு. இலட்சக்கணக்கானோர் அங்கு வாழ்ந்தும், பொதுவழக்கிலிருந்த படங்களில் அது 2009 வரை வெற்றிடமாகவோ காடாகவோ காணப்பட்டது. அவ்வாண்டில் எறிக்கா ஹேகன், மிக்கேல் மரோன் ஆகியோர் அப்பகுதி இளைஞர் 13 பேருக்குச் செய்மதி வழி இடமறியும் கருவியைப் பயன்படுத்தப் பழக்கினர். நீர்க்குழாய், மலசலகூடம், மருந்தகம், பாடசாலை, இருளில் ஆபத்தான ஒழுங்கை ஆகிய யாவற்றையும் அவ்விளைஞர் நடந்து நடந்து பதிந்தனர். படத்தில் இல்லாத ஊருக்குக் குழாய் கேட்டல் எளிதன்று. படம் பிறந்தபின் கேட்க ஓரிடம் உண்டாயிற்று.

கராச்சி நகரின் ஒறங்கிப் பகுதியில் 1980இல் அக்தர் ஹமீட் கான் தொடங்கிய இயக்கம் இதனினும் ஆழமானது. அரசு கழிவுக்கால் அமைக்கும் என்று காத்திராது, ஒவ்வோர் ஒழுங்கையின் மக்களும் தாமே பணஞ்சேர்த்துத் தம் ஒழுங்கையிற் குழாய் பதித்தனர். எங்கே குழாய் உண்டு, நீர் எவ்வோடையை நோக்கிச் செல்கின்றது என்பவற்றை அப்பகுதி இளைஞர் அளந்து படமாக்கினர். நகரின் நிலத்தடி உண்மையை அரசாங்க ஏடுகளினும் அப்படங்களே செம்மையாகக் காட்டின. அப்பணியை நடத்திய கட்டடக் கலைஞரான பர்வீன் ரஹ்மான், நகரப்புறத்துச் சிற்றூர்களையும் படத்திற் பதித்து, அங்கு வாழ்வோரின் நிலவுரிமைக்குச் சான்று தேடித் தந்தார். 2013 மார்ச் 13ஆந் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓர் ஊரைப் படத்தில் எழுதுதல் எத்துணை வலிமையான செயல் என்பதை உணர்த்த இதனின் வேறு சான்று வேண்டா.

தன்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 2015இற் பல்கலைக்கழக மாணவரும் ஊர்மக்களும் கூடி ‘ரமானி ஹுரியா’ என்னும் பணியைத் தொடங்கினர். திறந்த படம் என்பது அச்சுவாகிலித் தொடரின் பொருள். ஆளில்லா விமானம் மேலிருந்து எடுத்த படத்தில் வீடு தெரியும். வடிகாலின் ஆழமும் அடைப்பும் தெரியா. அவற்றை மாணவர் கீழே நடந்து அளந்தனர். சென்ற மழையில் வெள்ளம் எவ்வுயரத்துக்கு ஏறியது என்பதை வீட்டார் சுவரிற் காட்டினர். அவ்வளவுகளே கணினியின் வெள்ள ஆராய்ச்சிக்கு அடிப்படையாயின. சோகோவில் வைற்ஹெட் வாசல்தோறும் கேட்ட கேள்வி, நூற்றறுபது ஆண்டுகளின் பின் ஆபிரிக்கக் கரையில் மீண்டும் கேட்கப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, நகரின் உரு எவ்வளவு நுட்பமானதாயினும் அது வகுத்தோரின் நோக்கத்தைக் கடந்ததன்று. மதிலை எண்ணியவர்க்கு மதிலே தெரிந்தது, மாந்தரை எண்ணியவர்க்கு மாந்தர் தெரிந்தனர். இரண்டாவது, உரு விளைவைக் காட்டுமேயன்றி நீதியைக் காட்டாது. வெள்ளமும் தீயும் யார்மேற் செல்லும் என்பதைக் கணக்குக் கூறலாம், செல்லலாமா என்பதை மக்களே கூறல்வேண்டும். மூன்றாவது, ஊரில் வாழ்வோரின் அறிவு உருவிற் சேர்ந்தவிடத்து அது உயிர்காக்குங் கருவியாயிற்று. சேராதவிடத்து ஆள்வோரின் பிழையை மறைக்கும் திரையாயிற்று.

இலக்கமுறை இரட்டைகள் இனிப் பல நகரங்களில் எழும். ஆசிய, ஆபிரிக்க நாடுகளிற் கடலும் மழையும் நெருக்கும் நகரங்களுக்கு அவற்றின் தேவை பெரிது. அவற்றை விலைக்கு வாங்கலாம். அவற்றுட் பதியவேண்டிய உண்மையை விலைக்கு வாங்கவியலாது. வடிகாலோரத்து வீட்டில் வாழும் தாயும், தெருமுனைத் தொழிலாளியும், ஊரை அளந்தறியும் மாணவனும் தாம் கண்டதை உருவிற் பதிக்கவும், பதிந்ததைக் காணவும், பிழையாயின் மறுக்கவும் உரிமை பெறுதல்வேண்டும். நிலவளவையும் புவியியலும் புள்ளிவிபரமும் கற்கும் இளைஞர்க்கு இஃது ஒரு தொழில்வாய்ப்பு. அதனினும் மேலாக ஒரு பொதுக்கடன். எடின்பரோக் கோபுரத்தின் உச்சியிற் காட்சியைக் கண்டோர் பின்னர் இறங்கி வீதியில் நடக்கவேண்டுமென்பதே கெடிஸ் வகுத்த முறையாயிருந்தது.